ஆஷ்மோலியனில் சிறப்புக் கண்காட்சி பார்ப்பது எப்படி?

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1683-ஆம் ஆண்டு முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. உள்ளே செல்லக் கட்டணம் இல்லை. மூன்றாம் தளத்தில் நடைபெறும் பெரிய சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டும் தனியாகச் சீட்டு வாங்க வேண்டும். எனவே புறப்படும் முன்பே அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் நடப்புக் கண்காட்சிகளின் தேதிகளைப் பார்த்து, சீட்டை முன்பதிவு செய்துகொள்வது நல்லது. அதே பக்கத்தில் கட்டணமில்லாத சிறு காட்சிகளும் குறிப்பிடப்பட்டிருக்கும், அவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டம் குறைவு என்பதால், என்னைக் கேட்டால் அவற்றில்தான் நின்று நிதானமாகப் பார்க்க முடியும்.

பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் கண்காட்சி பெரும்பாலும் ஓர் ஆய்வின் விளைவாகவே அமைகிறது. கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் உள்ள பண்டைய அரண்மனையான கினோசஸ் பற்றி 2023-இல் நடந்த கண்காட்சி இதற்கு நல்ல சான்று: அங்கே 1900-இல் அகழாய்வைத் தொடங்கிய ஆர்தர் எவான்ஸ் அப்போது இதே அருங்காட்சியகத்தின் காப்பாளராக இருந்தவர் என்பதால், அவருடைய ஆவணங்களும் இங்கேயே உள்ளன. ஆகவே முதல் அறையின் சுவரில் எழுதியிருக்கும் அறிமுகத்தைத் தவிர்க்காமல் படியுங்கள். கண்காட்சி எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

கோட்டோவியங்கள் உள்ள அறை மங்கலாக இருக்கும். வெளிச்சம் தாளையும் மையையும் கெடுக்கும் என்பதே காரணம். கண் பழகும்வரை சற்று நின்று, பிறகு அருகில் செல்லுங்கள். அருங்காட்சியகத்தின் தொகுப்பில் உள்ள, இத்தாலிய ஓவியர் ரஃபேல் தம் கடைசி ஓவியத்துக்காகக் கறுப்புச் சுண்ணக்கட்டியால் வரைந்த, இயேசுவின் இரு சீடர்களின் தலைகளையும் கைகளையும் உற்றுப் பார்த்தால், கோடுகளுக்கு அடியில் சின்னஞ்சிறு புள்ளிகள் வரிசையாகத் தெரியும். துளையிட்ட தகட்டின் வழியே கோலப்பொடி தூவுவதுபோல, துளையிட்ட பெரிய தாளின் வழியே கரித்தூளைத் தட்டி உருவத்தின் வெளிக்கோட்டை இந்தத் தாளுக்கு மாற்றியதன் தடம் அது. அச்சுப்படத்தில் இதைப் பார்ப்பது கடினம்.

விளக்க அட்டையின் கடைசி வரியையும் விட்டுவிடாதீர்கள். மேற்சொன்ன ரஃபேல் கோட்டோவியத்தின் எண் டபிள்யூஏ 1846.209. முதல் எழுத்துகள் மேற்கத்தியக் கலைப் பிரிவையும், அடுத்து வரும் எண் அது தொகுப்பில் சேர்ந்த ஆண்டையும் குறிக்கின்றன. ஒரு பொருள் எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று கேட்கப் பழகுவது நமக்கு மிகவும் அவசியம். தமிழகத்தின் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலைச் சேர்ந்த திருமங்கையாழ்வார் செப்புத் திருமேனியை இந்த அருங்காட்சியகம் 1967-இல் லண்டனில் ஏலத்தில் வாங்கியது; 1957-இல் அது கோயிலிலேயே இருந்ததை, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் உள்ள புகைப்படம் காட்டிக்கொடுத்தது. திருமேனியைத் திருப்பித் தரும் கோரிக்கையைப் பல்கலைக்கழக மன்றம் 2024 மார்ச்சில் ஆதரித்தது.

கண்காட்சி முடிந்ததும் கோட்டோவியங்கள் இருட்டுப் பெட்டிகளுக்குத் திரும்பிவிடும். அதற்குள் போக இயலாதவர்கள், முன்கூட்டியே எழுதி நேரம் பெற்று, அச்சோவிய அறையில் அவற்றை மேசைமீது வைத்தே பார்க்கலாம். குறிப்பெடுக்கப் பேனா வேண்டாம், பென்சில் கொண்டு செல்லுங்கள்.