உருக் முதல் கம்பெனி வரை: பேரரசுகளின் காலக்கோடு வரையும் முறை

மெசொப்பொத்தேமியாவின் (இன்றைய இராக்) உருக் நகரத்தார் களிமண் பலகையில் பார்லிக் கணக்கு எழுதிய கி.மு. 3300 வாக்கில் தொடங்கி கி.பி. 1900 வரை ஒரே கோட்டில் கொண்டுவர ஐந்தரை மீட்டர் தாள்சுருள் போதும். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர். கி.பி. 1 சரியாக 330ஆவது சென்டிமீட்டரில் விழும். பூஜ்ஜிய ஆண்டு கிடையாது, கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1 தான்.

பென்சிலால் நூற்றாண்டுகளைக் குறித்துவிட்டு, வட்டாரத்துக்கு ஒரு வரிசையாகக் குறைந்தது ஆறு வரிசை போடுங்கள். பேரரசுகள் புள்ளிகளாக அல்ல, பட்டைகளாக வர வேண்டும்: பாரசீகத்தின் அகாமனிசியர் (கி.மு. 550–330) 22 செ.மீ., முகலாயர் (1526–1857) 33 செ.மீ. எல்லாவற்றையும் ஒரே வரிசையில் அடுக்கினால், ஒன்று முடிந்த பிறகே மற்றொன்று தொடங்கியதாகத் தோன்றிவிடும்.

ஒவ்வொரு பட்டைக்குள்ளும், உபரியை (உழைப்பவரின் தேவை போக மிஞ்சும் விளைச்சலை) யார், எந்த வடிவில் வசூலித்தார்கள் என்று எழுதுங்கள்: தானியமா, வெள்ளியா, உழைப்பா? இதை விட்டால் மிஞ்சுவது வெறும் மன்னர் பட்டியல்தான்.

சிக்கல் கடைசியில் வரும். உருக்கிலிருந்து அக்காத் மன்னர் சார்கோன் வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் காலியாகவே கிடக்கும். 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது முதல் 1900 வரை எல்லாம் 40 செ.மீ.க்குள் நெருக்கியடிக்கும். அதனால் 1400–1900-ஐ ஆண்டுக்கு நான்கு மில்லிமீட்டர் வீதம் தனியாக இரண்டு மீட்டர் தாளில் வரையுங்கள்.

இந்தத் தாளுக்கு அம்புகளும் வேண்டும். தென் அமெரிக்காவில் 1545-இல் கண்டறியப்பட்ட பொட்டோசி சுரங்கத்தின் வெள்ளியை 1571-இல் ஸ்பானியர் பிடித்த மணிலா வழியாகச் சீனப் பட்டு வரை கொண்டுபோங்கள். அட்லாண்டிக்கில் கப்பலேற்றப்பட்ட சுமார் 1.25 கோடி ஆப்பிரிக்கர்களைச் சர்க்கரை, பருத்தி அம்புகளின் நிறத்தில் காட்டவே கூடாது. அவர்கள் சரக்கு அல்ல.

1453-இல் கான்ஸ்டாண்டிநோபிள் ஒட்டோமன் துருக்கியரிடம் வீழ்ந்ததால்தான் ஐரோப்பியர் கடலில் இறங்கினர் என்று அம்பு போடுவது பரவலான தவறு. போர்ச்சுகீசியர் 1415-லேயே வட ஆப்பிரிக்கத் துறைமுகமான சியூத்தாவைப் பிடித்துவிட்டார்கள்.

துணி வாங்க வங்கத்துக்கு வந்த வெள்ளியின் அம்பை 1757 பிளாசிப் போருக்குப் பிறகு மெலிதாக்குங்கள். 1765-இல் திவானி உரிமை, அதாவது வரி வசூலிக்கும் உரிமை, கைக்கு வந்ததும், வங்க உழவரிடம் வசூலித்த நிலவரியைக் கொண்டே வங்கத் துணியை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கியது. ஆகவே அந்த ஆண்டிலிருந்து கம்பெனிக்கும் தெற்காசிய வரிசையில் ஒரு பட்டை வரைந்து, உள்ளே ‘நிலவரி’ என்று எழுதுங்கள்.