இருபது பேர் விருந்துக்குப் பன்றிக்கறி பன்

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பன்றியின் தோள்கறியைப் பல மணி நேரம் மெல்லிய சூட்டில் வேகவைத்து, நார்நாராகப் பிரித்து, பன்னுக்குள் வைத்துப் பரிமாறுவார்கள். மதுரைப் பக்கத்தில் கிறிஸ்துமஸ் விருந்துக்கு இதைச் செய்ய நினைப்பவர்கள் குக்கரை எடுக்க வேண்டாம். குக்கரிலும் கறி வேகும் என்றாலும், நிதானமான தணலில் ஊறும் சுவை அதில் வருவதில்லை.

இருபது பேருக்கு எலும்போடு 5 கிலோ வெண்பன்றித் தோள்கறி வாங்குங்கள். எலும்பும் கொழுப்பும் நீரும் போக ஏறத்தாழப் பாதிதான் தேறும். தோலை நீக்கிவிட்டு, அதன் அடியிலுள்ள கொழுப்பில் ஒரு விரற்கடை அளவை மட்டும் விட்டு, இரண்டே பெரிய துண்டுகளாக வெட்டித் தரச் சொல்லுங்கள். 70 கிராம் உப்பு, 100 கிராம் நாட்டுச் சர்க்கரை, மிளகுத்தூள், வத்தல்தூள், சீரகத்தூள், அரைத்த பூண்டு ஆகியவற்றை முதல் நாள் இரவே எல்லாப் பக்கமும் அழுந்தத் தடவி, குளிர்ப்பெட்டியில் மூடி வையுங்கள்.

மதிய விருந்தென்றால் காலை ஆறு மணிக்கே அடுப்பு எரிய வேண்டும். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து வரும் சீமைக்கருவேலக் கரி இதற்குப் பொருத்தமானது. அமெரிக்கர்கள் இறைச்சி வாட்டப் பயன்படுத்தும் மெஸ்கீட் மரமும் அதே இனத்தைச் சேர்ந்ததுதான். அடி கனமான எவர்சில்வர் குண்டானில் துண்டுகளைச் சிவக்கப் புரட்டி, ஒரு கிலோ சின்ன வெங்காயம், இரண்டு டம்ளர் தண்ணீர், அரை டம்ளர் வினிகர் சேர்த்து, மூடியின் விளிம்பை மைதா மாவால் அடைத்துவிடுங்கள். சாறு தளதளவென்று கொதிக்காமல் மெல்லச் சலசலக்கும் அளவுக்குத் தணல் இருந்தால் போதும்.

தசைகளை இறுகக் கட்டியிருக்கும் கொலாஜன் கரைந்து கூழாவதற்குத்தான் இத்தனை நேரமும் தேவைப்படுகிறது. கறியின் நடுப்பகுதி 93 டிகிரி செல்சியஸை எட்டும்போது நார் தானாகப் பிரியும். ஒருமுறை நான்கு மணி நேரத்தில் நான் இறக்கிவிட்டேன். கத்தி எளிதாக இறங்கியது, ஆனால் நார் பிரியவில்லை, மறுபடி மூடி ஒன்றரை மணி நேரம் வைத்த பிறகே பதம் வந்தது. ஆகவே ஐந்து மணி நேரம் கழித்துத் திறந்து, தோள் எலும்பை இடுக்கியால் பிடித்துத் திருகிப் பாருங்கள். கறி துளியும் ஒட்டாமல், கழுவி எடுத்ததுபோல் வெள்ளையாக அது உருவி வந்தால் இறக்கலாம். அரைவேக்காட்டுப் பன்றிக்கறியால் நாடாப்புழு தொற்றக்கூடும் என்பதால், இதில் அவசரம் கூடவே கூடாது.

அரை மணி நேரம் ஆறவிட்டு, இரண்டு முள்கரண்டிகளால் பிரியுங்கள். சாற்றின் மேல் மிதக்கும் கொழுப்பை வழித்தெடுத்து, மீதியைப் பாதியாகச் சுண்டவைத்துக் கறியில் கலக்க வேண்டும். வினிகர், நாட்டுச் சர்க்கரை, கிள்ளிய வத்தல், உப்பு ஆகியவற்றைச் சேர்த்து ஒரு கொதி விட்ட புளிப்புச் சாறு தனியாக இருக்கட்டும். அமெரிக்கத் தென்பகுதியிலுள்ள கரோலினாவின் வழக்கம் அது, கொழுப்பின் திகட்டலை நன்றாக வெட்டும்.

இனிப்பில்லாத பன்களைத் தோசைக்கல்லில் வெண்ணெய் தடவி வாட்டி, கறியின் மேல் எலுமிச்சை பிழிந்த முட்டைகோஸ் சீவலை வைத்து உடனே பரிமாறுங்கள். மதுரை வெயிலில் மீந்த கறியை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காமல் குளிர்ப்பெட்டிக்கு மாற்றிவிட்டால், மறுநாள் வெங்காயத்தோடு புரட்டிப் புரோட்டாவுக்குத் தொட்டுக்கொள்ளலாம்.