நண்பர்களோடு ஸ்காட்லாந்தின் வடகரையில் பைக் பயணம்: முதல்முறை போகிறவர்களுக்கு

நார்த் கோஸ்ட் 500 இன்வெர்னஸ் கோட்டையில் தொடங்கி, ஸ்காட்லாந்தின் வடக்கைச் சுற்றிவிட்டு அங்கேயே வந்து முடியும் பாதை. 516 மைல், சுமார் 830 கிலோமீட்டர். தூரத்தைப் பார்த்து மூன்றே நாளில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். மேற்குக் கரையில் நிறைய இடங்களில் ஒரே ஒரு வண்டி போகும் அகலம்தான். ஏழு நாளாவது ஒதுக்குங்கள்.

1. மாதத்தை முடிவுசெய்யுங்கள்

என் ஓட்டு மே மாதத்துக்கு. ஜூனில் இரவு 10 மணிக்கும் வெளிச்சம் இருக்கும், ஆனால் மிட்ஜ் என்ற பொடிப்பூச்சி கூட்டமாக வந்து கடிக்கும். வலைத்தொப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

2. வரிசையும் பெட்ரோலும்

புதியவர் இரண்டாவதாக வரட்டும். அவர் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். யாருடைய டேங்க் சின்னதோ அதை வைத்தே பெட்ரோல் கணக்கு. உல்லாபூல், டர்னஸ் போன்ற ஊர்களில் பாதி டேங்க் இருந்தாலும் நிரப்பிவிடுங்கள்.

3. வழிவிடப் பழகுங்கள்

இதுதான் முக்கியம். ஒற்றைத் தடச் சாலையில் அங்கங்கே 'பாசிங் பிளேஸ்' என்ற பலகையோடு ஒதுங்குமிடம் இருக்கும். அது உங்கள் இடப்பக்கம் இருந்தால் உள்ளே போய் நில்லுங்கள். வலப்பக்கம் இருந்தால் குறுக்கே போகாமல், அதற்கு நேரெதிரே இடது ஓரமாக நில்லுங்கள். எதிரே வருபவர் அதற்குள் ஒதுங்கிக் கடப்பார். பின்னால் வேகமாக வரும் உள்ளூர்க்காரருக்கும் இப்படியே வழிவிடுங்கள்.

நாங்கள் ஐந்து பைக்கும் ஒட்டி ஒட்டிப் போனோம். முதல் மூன்று ஒதுங்கிவிட்டன, மற்ற இரண்டும் சாலையிலேயே மாட்டிக்கொண்டன. எதிரே வந்த வேன்தான் ரிவர்ஸில் போக வேண்டியதாயிற்று. அப்புறம் இரண்டும் மூன்றுமாகப் பிரிந்தோம், சிக்கலே இல்லை.

4. பியலாக் நா பா

ஆப்பிள்கிராஸ் என்ற ஊருக்குப் போகும் இந்தக் கணவாய் 626 மீட்டர் உயரம். கொண்டை ஊசி வளைவு காலியாக இருக்கிறதா என்று கீழேயே பார்த்துவிட்டு, முதல் கியரில் நிற்காமல் ஏறுங்கள். பாரம் ஏற்றிய பைக் வளைவின் நடுவில் அணைந்தால் உட்பக்கமாகச் சாயும், கால் ஊன்றத் தரை எட்டாது. மூடுபனி என்றால் ஷீல்டேக் என்ற ஊர் வழியாகக் கரையோரச் சாலையில் போய்விடுங்கள். அதுவும் அழகுதான்.

5. இரும்புக் கம்பிகளும் ஆடுகளும்

கால்நடை தாண்டாமலிருக்கச் சாலையின் குறுக்கே இரும்புக் கம்பிகள் பதித்திருப்பார்கள். மழையில் வழுக்கும். முன்னாடியே வேகம் குறைத்து, வண்டியை நிமிர்த்தி, பிரேக் தொடாமல் நேராகக் கடங்கள். தாய் ஆடு ஒரு பக்கம், குட்டி மறுபக்கம் நின்றால் வண்டியை நிறுத்திவிடுங்கள். குட்டி தாயிடம் ஓடாமல் இருக்காது.