பிரீமியம் பெட்ரோல் போட்டால் மைலேஜ் ஏறுமா?

"சார், பவரா, நார்மலா?" சென்னையில் பங்க்குக்குள் வண்டியை விட்டால் மீட்டரில் ஜீரோ பார்க்கச் சொல்வதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுவார்கள். "பவரே போடுங்க, மைலேஜ் கொடுக்கும்ல" என்று தலையாட்டுவதுதான் முதல் தவறு.

பிரீமியம் பெட்ரோல் பலவற்றில் கூடுதலாக இருப்பது ஆக்டேன் எண். அது பெட்ரோலின் சக்தியைச் சொல்வதில்லை. சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது, கண்ட நேரத்தில் தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் சொல்கிறது. அப்படிப் பற்றிக்கொண்டால் வரும் 'டக டக' சத்தத்தைத்தான் மெக்கானிக்குகள் நாக்கிங் என்பார்கள். சாதா பெட்ரோலுக்கு ஏற்ற இன்ஜினில் அந்தப் பிரச்சினையே இல்லை என்றால், கூடுதல் ஆக்டேனுக்கு அங்கே வேலை கிடையாது.

காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ வைத்த பெட்ரோல் வண்டிகளின் கதை கொஞ்சம் வேறு. நாக்கிங் வந்தால் சென்சார் அதைப் பிடித்து, ஸ்பார்க் விழும் நேரத்தைத் தள்ளிப்போடும். இழுவையும் மைலேஜும் லேசாகக் குறையும். இப்படிப்பட்ட வண்டிக்கு உயர் ஆக்டேன் உதவலாம். உங்கள் வண்டி எந்த ரகம் என்பதை மேனுவலில் பாருங்கள், அல்லது பெட்ரோல் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருப்பதைப் படியுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று முடிவெடுக்காதீர்கள்.

அடுத்த தவறு, கணக்கே போடாமல் நம்புவது. சாதா 100 ரூபாய், பிரீமியம் 108 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி 16.2 கொடுத்தால்தான் போட்ட காசே திரும்பும். சாதாரண இன்ஜினில் அது நடக்கிற காரியமா? இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்யும் மருந்து சில பிரீமியம் பெட்ரோலில் கலந்திருக்கும், உண்மைதான். ஆனால் அழுக்கே சேராத வண்டியில் அது மைலேஜை ஏற்றிவிடாது.

ஒரே டேங்க்கை வைத்துத் தீர்ப்புச் சொல்வதும் சரிவராது. ஞாயிறு காலை ஈசிஆரில் ஓட்டியதையும், திங்கள் மாலை கிண்டி நெரிசலில் ஏசி போட்டு நின்றதையும் எப்படி ஒப்பிடுவது? சோதித்துத்தான் ஆக வேண்டுமென்றால், பம்ப் தானாக நிற்கும் முதல் ஆட்டோ கட்டில் நிறுத்தி டேங்க்கை நிரப்புங்கள், வழக்கமான ரூட்டில் ஓட்டுங்கள், அதே பங்க்கில் மறுபடி நிரப்பிக் கணக்கிடுங்கள். இரண்டு வகைக்கும் மூன்று நான்கு டேங்க்காவது பாருங்கள்.

அப்புறம், பெட்ரோலில் கலக்கும் எத்தனால். அதில் லிட்டருக்கு உள்ள ஆற்றல், பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆனால் ஆக்டேன் அதிகம்! எண் பெரிதானால் மைலேஜும் பெரிதாகும் என்பவர்களிடம் இதைத்தான் சொல்ல வேண்டும்.

இதற்கிடையில், நிஜமாகவே மைலேஜைக் குறைக்கிற மாதிரி டயரில் காற்று குறைந்தே கிடக்கும். எவ்வளவு இருக்க வேண்டும் என்று டிரைவர் பக்கக் கதவைத் திறந்தாலே பெரும்பாலான கார்களில் ஒட்டியிருப்பார்கள். பெட்ரோல் போட்ட அதே பங்க்கில் காற்று இலவசம்தான்.