ஆன்டெனா வைக்கும் இடத்தில் நாம் செய்யும் தவறுகள்

பட்டுக்கோட்டைப் பக்கம் என் மாமாவுக்கு ஒரு தென்னந்தோப்பு. வீட்டு மொட்டை மாடியிலிருந்து தோப்பு மோட்டார் கொட்டகை சுமார் ஒரு கிலோமீட்டர். 2018 நவம்பரில் கஜா புயல் மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனபின் இடையில் வெறும் வெட்டவெளி. அடுத்த வருஷம் வீட்டையும் கொட்டகையையும் கம்பியில்லாமல் இணைக்க இரு பக்கமும் 5 கிகாஹெர்ட்ஸ் டிஷ் ஆன்டெனா வைத்து, கொட்டகையில் கேமராவும் மாட்டினார். நாலைந்து வருஷம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் சாயங்காலக் காற்று கிளம்பினால் கேமரா படம் நின்று நின்று வரத் தொடங்கியது. அடாப்டரை மாற்றினார், ரௌட்டரை மாற்றினார், பவரைக் கூட்டிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

மாடியில் ஏறி நின்றால் கொட்டகைக் கூரை நன்றாகவே தெரிந்தது. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. ரேடியோ அலை நூல் பிடித்த மாதிரி நேர்கோட்டில் மட்டும் போவதில்லை. இரண்டு ஆன்டெனாவுக்கும் நடுவே வெள்ளரிக்காய் வடிவில், நடுவில் பருத்த ஓர் இடம் அதற்கு வேண்டும். பிரெனெல் மண்டலம் என்பார்கள். 5.8 கிகாஹெர்ட்ஸில் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு அதன் நடுப்பகுதியின் ஆரம் 3.6 மீட்டர். அதில் 60 சதவீதமாவது, அதாவது பார்வைக்கோட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் 2.2 மீட்டராவது, தடையில்லாமல் இருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவி என்றால் இன்னும் கூடுதல்: ஆரம் 5.6 மீட்டர், காலியாக வேண்டியது 3.4 மீட்டர்.

புயலுக்கு அப்புறம் நட்ட கன்றுகள் வளர்ந்து, மட்டைகள் அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே வந்து நின்றிருந்தன. பச்சை மட்டையில் இருக்கும் நீர் சிக்னலைக் குடித்துவிடும். மழையில் நனைந்தால் இன்னும் மோசம். காற்றில் ஆடும்போது சிக்னலும் சேர்ந்து ஆடும். ஆகவே இடம் பார்க்கும்போது இன்றைய மரத்தைப் பார்க்காதீர்கள், பத்து வருஷம் கழித்து அது எங்கே நிற்கும் என்று பாருங்கள். கம்பத்தை மூன்று மீட்டர் உயர்த்தலாம் என்றார் மாமா. நெட்டை ரகத் தென்னையோடு உயரத்தில் போட்டி போட்டு யாரால் முடியும்? கொட்டகையிலிருந்து 40 மீட்டர் தள்ளி, வாய்க்கால் கரையில் கம்பம் நட்டோம். இப்போது கோடு முழுக்க நெல்வயல் மேலேயே போகிறது.

40 மீட்டர் தள்ளி வைக்க முடிந்ததற்குக் காரணம், அங்கே போனது லேன் கேபிள். 100 மீட்டர் வரை அதில் கவலையில்லை, மின்சாரமும் அதிலேயே போய்விடும். ஆன்டெனாவையும் ரௌட்டரையும் தனித்தனியாக வாங்கி, இடையில் மெல்லிய கோஆக்சியல் கேபிளை நீளமாக இழுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். ஆர்ஜி 58 வகைக் கேபிள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு டெசிபெல் (சிக்னல் ஏறுவதையும் இறங்குவதையும் அளக்கும் அலகு) தின்றுவிடும். பத்து மீட்டர் இழுத்தால் பத்தில் ஒரு பங்கு சக்திதான் மறுமுனைக்கு வரும். காசு போட்டு வாங்கிய நல்ல ஆன்டெனா கேபிளிலேயே காலி. கருவியை ஆன்டெனாவுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். லேன் கேபிளை நீளமாக விடுங்கள். அதுவும் வெயில் தாங்கும் கறுப்பு உறை போட்ட வெளிப்புறக் கேபிளாக இருக்கட்டும்.

மாடியில் எங்கே வைப்பது? தண்ணீர்த் தொட்டிதான் உயரம் என்று அதன் மேலேயே கட்டிவிடுகிறார்கள். தொட்டி கழுவ ஏறுகிறவர் கை பட்டாலே டிஷ் திரும்பிவிடும். தொட்டிக்குப் பின்னால் வைப்பது அதைவிடத் தப்பு, ஏனென்றால் தண்ணீர் நிறைந்த தொட்டி சிக்னலுக்குச் சுவர் மாதிரி. தகரக் கூரையில் திருகினால் காற்றுக்கு அதிரும். பிவிசி பைப் வெயிலில் வளையும். கைப்பிடிச் சுவரிலோ தூணிலோ இரண்டு இடத்தில் கிளாம்ப் போட்டு ஜிஐ பைப்பை நிறுத்துங்கள். உயரம் கூடினால் மூன்று பக்கமும் ஸ்டே வயர் வேண்டும். கடலோரம் என்றால் யூ போல்ட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்குங்கள். கேபிள் கருவிப் பெட்டிக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

உயிர் சம்பந்தப்பட்ட தவறு ஒன்று உண்டு. கம்பத்தை நிமிர்த்தும்போது கை தவறி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பி மேல் விழக் கூடாது. கம்பத்தின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்காவது தள்ளி நில்லுங்கள். அலுமினிய ஏணிக்கும் இதே கணக்கு. அடுத்தது இடி. கம்பத்துக்கு எர்த் கட்டாயம். தனியாக ஒரு கம்பியை மண்ணில் அடித்துவிட்டு அப்படியே விடாமல், வீட்டு எர்த்தோடும் இணைக்கச் சொல்லுங்கள். இரண்டும் தனித்தனியாக இருந்தால் இடி விழும்போது உண்டாகும் மின்னழுத்த வித்தியாசம் கருவிகள் வழியாகத்தான் பாயும். எர்த் இருந்தாலும் நேரடி இடிக்கு உத்தரவாதம் கிடையாது. ஐப்பசியில் வானம் உறுமத் தொடங்கும் முன்பே மாமா பிளக்கைப் பிடுங்கிவிடுகிறார்.

கடைசியாக, திசை பிடிப்பது. சிக்னல் கொஞ்சம் ஏறியதும் போல்ட்டை இறுக்கிவிடாதீர்கள். டிஷ்ஷின் முதன்மை வீச்சுக்கு இரு பக்கமும் சின்னச் சின்ன வீச்சுகள் உண்டு, அதில் ஒன்றில் நீங்கள் நின்றிருக்கலாம். இடமிருந்து வலம் மெதுவாகத் திருப்பி, கருவி காட்டும் சிக்னல் எண் ஏறி இறங்குவதை முழுசாகப் பார்த்துவிட்டு உச்சத்துக்குத் திரும்புங்கள். அப்புறம் மேலும் கீழும் அதே மாதிரி. ஒரு முனை முடிந்தபின் மறுமுனை. மைனஸ் 50க்கும் மைனஸ் 65க்கும் இடையில் டிபிஎம் (வந்து சேரும் சிக்னலின் பலத்தைச் சொல்லும் அலகு, பூஜ்யத்துக்குக் கிட்டே வர வர பலம் கூடுதல்) கிடைத்தால் நல்ல இணைப்பு. கிடைத்த எண்ணைத் தேதியோடு கொட்டகைச் சுவரில் எழுதி வையுங்கள். அடுத்த வருஷம் அது ஐந்தாறு டெசிபெல் குறைந்திருந்தால், ரௌட்டரைத் தொடும் முன் மாடிக்குப் போய் எந்த மட்டை மேலே ஏறி வந்திருக்கிறது என்று பாருங்கள்.