கல்லூரிக் கடன்: வட்டியில் பிள்ளைக்கும் ஒரு பங்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்திலேயே அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் ஒரு நோட்டோடு உட்காருங்கள். ஃபீஸ், ஹாஸ்டல், பஸ் பாஸ், புத்தகம் என்று நான்கு வருடச் செலவையும் பிள்ளையின் கையெழுத்திலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதும்போதுதான் தொகை மனதில் பதியும்.

கல்விக்கடன் வாங்குகிறீர்களா? பொதுவாக 4 லட்சம் வரை ஈடு கேட்க மாட்டார்கள். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டாம் என்பதால் பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். ஆனால் அத்தனை நாளும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும், கடைசியில் அது அசலோடு சேர்ந்துவிடும். முதல் வருடம் 1 லட்சம் எடுத்து, வட்டி 10 சதவீதம் என்றால், மாத வட்டி சுமார் 830 ரூபாய்தான். அதை அந்தந்த மாதமே கட்டிவிடுங்கள். படிக்கும்போதே வட்டி கட்டினால் சில வங்கிகள் 1 சதவீதம் வரை குறைப்பதும் உண்டு, மேனேஜரிடம் கேளுங்கள்.

அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை என்றால் தமிழக அரசின் புதுமைப் பெண் (மாணவிகளுக்கு), தமிழ்ப் புதல்வன் (மாணவர்களுக்கு) திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வரும். முதல் வருட வட்டிக்கு அதுவே போதும். இரண்டாம் வருடமும் 1 லட்சம் எடுத்து வட்டி இரட்டிப்பாகும்போது மீதியைப் பெற்றோர் போடலாம். வேலை கிடைத்தபின் அசல் பிள்ளையின் பொறுப்பு என்று அந்த நோட்டிலேயே எழுதிவையுங்கள்.

அப்புறம், குடும்பத்தில் முதலில் பட்டம் படிக்கப்போவது உங்கள் பிள்ளைதான் என்றால், ஃபீஸ் சலுகைக்கான முதல் பட்டதாரி சான்றிதழை கவுன்சிலிங்குக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.