பார்வையாளரை விளையாடக் கூப்பிடும் கலை: எங்கே தவறுகிறோம்?

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரை ஒட்டி ஹெல்புருன் அரண்மனை இருக்கிறது. 1610களில் அதைக் கட்டிய பேராயர் மார்க்கஸ் சிட்டிகஸ், தோட்டத்தில் ஒரு கல்மேசை போட்டார். விருந்தாளிகள் உட்கார்ந்திருக்கும்போதே அவர்களின் இருக்கைகளிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடிக்கும். பேராயரின் இருக்கை மட்டும் நனையாது.

பார்வையாளரும் சேர்ந்து விளையாடும் பங்கேற்புக் கலையில் நகைச்சுவையைக் கொண்டுவர நினைப்பவர்கள் இன்றும் செய்யும் முதல் தவறு இதுதான்: தெரியாமல் ஒருவரைச் சிக்கவைத்து மற்றவர்கள் சிரிப்பது. உள்ளே நுழைபவர் திடுக்கிடுவதை ஒளித்துவைத்த கேமராவில் பிடித்துப் பெரிய திரையில் காட்டினால் கூட்டம் சிரிக்கும். சிக்கியவர் கூனிக்குறுகிப் போவார். டென்மார்க் கலைஞர் யெப்பே ஹைனும் தண்ணீரை வைத்துத்தான் விளையாடுகிறார். அவருடைய 'அப்பியரிங் ரூம்ஸ்' படைப்பில் தரையிலிருந்து நீர்ச்சுவர்கள் எழும், அடங்கும், வேறிடத்தில் எழும். நடுவில் மாட்டிக்கொண்டவர் நனைந்தபடி ஓடலாம், சுவர் அடங்கும்வரை காத்திருக்கலாம். வேண்டாமென்றால் வெளியே நின்று வேடிக்கை பார்க்கலாம். எதுவும் மறைவில்லை. நம் ஊர் வழுக்குமரமும் அப்படித்தான். மேலே தண்ணீர் வந்து விழும் என்று தெரிந்தேதான் ஏறுகிறார்கள்.

அடுத்தது, விளக்கிக் கொல்வது. ஆஸ்திரியக் கலைஞர் எர்வின் வுர்ம் 1990களில் தொடங்கிய 'ஒரு நிமிடச் சிற்பங்கள்' வரிசையில் வாளி, நாற்காலி போன்ற வீட்டுச் சாமான்களும் சின்னக் கோட்டோவியமும் ஓரிரு வரிக் குறிப்பும்தான் இருக்கும். அதன்படி ஒரு நிமிடம் அசையாமல் நிற்கும் பார்வையாளரே சிற்பமாகிவிடுவார். பக்கத்தில் இரண்டு பத்தி விளக்கம் எழுதி மாட்டினால் சிரிப்பு அங்கேயே செத்துவிடும்.

ஆனால் குறிப்பைச் சுருக்குவது வேறு, பாதுகாப்பில் அசட்டையாக இருப்பது வேறு. 1971-ல் லண்டன் டேட் கேலரியில் அமெரிக்கக் கலைஞர் ராபர்ட் மோரிஸ் ஏறவும் ஆடவும் உருட்டவும் மரப்பலகைகள், கயிறுகள், உருளைகள் வைத்தார். மக்கள் உற்சாகத்தில் எல்லை தாண்ட, சிலருக்குக் காயம். நான்கே நாளில் மூட வேண்டியதாயிற்று. 2009-ல் டேட் மாடர்னில் அதை மறுபடி அமைத்தபோது பாதுகாப்பைக் கூட்டினார்கள். சிரிப்பு தொற்றிக்கொண்டால் உடம்பு கட்டுக்குள் நிற்காது. ஆகவே, கலைஞர் தனியாக ஏறிப் பார்த்த சோதனை போதாது. பத்துப் பேரை, அதிலும் குழந்தைகளை, ஒரே நேரத்தில் விட்டுப் பார்க்க வேண்டும்.

'சரியான' பதில் ஒன்றை முன்கூட்டியே தீர்மானித்து, அதைச் செய்தால்தான் விளக்கு எரியும் என்று வைப்பதும் பிழையே. எனக்கு மிகவும் பிடித்த எதிருதாரணம், மெக்சிகோவில் பிறந்த கலைஞர் ரஃபேல் லொசானோ-ஹெம்மர் 2001-ல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் செய்த 'பாடி மூவிஸ்'. தெருவில் எடுத்த மனிதப் படங்களைப் பெரிய சுவரில் காட்டி, அவை தெரியாதபடி பலத்த வெளிச்சத்தால் மூடினார். யாருடைய நிழலாவது விழுந்தால் அதற்குள் ஒரு முகம் தெரியும். ஆனால் மக்களோ படங்களை விட்டுவிட்டு நிழல்களோடு விளையாடத் தொடங்கினார்கள். விளக்கை நெருங்கினால் 25 மீட்டர் அரக்கன், விலகினால் 2 மீட்டர் மனிதன்! அறிமுகமில்லாதவர்களின் நிழல்கள் ஒன்றோடொன்று சீண்டிக்கொண்டன. அந்த விளையாட்டுக்கு அங்கே இடம் இருந்தது.

நிழலுக்குத் தாமதம் கிடையாது என்பதையும் கவனியுங்கள். கையைத் தூக்கிய கணமே அதுவும் தூக்கும். சென்சார் வைத்துச் செய்யும் படைப்பில் கையசைத்து ஒரு நொடி கழித்துத் திரை அசைந்தால், பார்ப்பவர் அதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த அறைக்குப் போயிருப்பார்.